பூசையைப் புனிதமாக்குவது யார்?

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: “ஞாயிறு பூசையில் எனக்குப் பக்தியே வருவதில்லை. வெளியே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் ஹாரன். உள்ளே ஒலிபெருக்கி இரைச்சல், குழந்தைகள் அழுகை. சாமியார் அவசர அவசரமாக முடிக்கிறார். இதைப் புனிதமான வழிபாடு என்று எப்படிச் சொல்வது? கடவுள் எங்கும் இருக்கிறாரே, கோயிலுக்கு எதற்குப் போகிறாய் என்று நண்பன் வேறு கேட்கிறான். முழங்கால் வலியால் மாடி இறங்க முடியாத என் அம்மா தொலைக்காட்சியில் பூசை பார்க்கிறார். அது பூசை ஆகுமா?”

கேள்வி மூன்றாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். வழிபாட்டுக்குப் புனிதத்தைக் கொடுப்பது நாம்தான் என்ற நினைப்பு அது. நம் பக்தி, நம் அமைதி, நம் சாமியாரின் உருக்கம் எல்லாம் சேர்ந்தால் பூசை புனிதமாகும். ஒன்று குறைந்தால் புனிதமும் குறையும் என்று நாம் கணக்குப் போடுகிறோம். கத்தோலிக்கத் திருச்சபை அப்படிச் சொல்வதில்லை. புனிதம் கடவுளுக்கு மட்டுமே சொந்தம். அவர் வந்து இருப்பதால் வழிபாடு புனிதமாகிறது. நாம் செய்வது அவருக்குப் பதில் சொல்வதுதான். பாடகர் குழு சுருதி சேர்ந்து பாடினால்தான் பூசை புனிதம் என்றிருந்தால், வட சென்னையில் பாதிப் பங்குக் கோயில்களில் இன்றுவரை ஒரு பூசைகூட நடந்திருக்காது.

இதற்கு நான் பெரிய நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. நீங்கள் குறைப்படும் அந்த அவசரப் பூசையிலேயே இருக்கிறது. அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுவதற்காகப் பீடத்தில் குரு சொல்வது நற்கருணை மன்றாட்டு. நேரம் குறைவாக இருக்கும்போது குருக்கள் பெரும்பாலும் இரண்டாம் நற்கருணை மன்றாட்டை எடுப்பார்கள். நான்கு முதன்மை மன்றாட்டுகளில் அதுதான் சிறியது. ‘தூயவர், தூயவர், தூயவர்’ முடிந்ததும் வரும் முதல் வரியை அடுத்த ஞாயிறு கவனித்துக் கேளுங்கள். ஆண்டவர் மெய்யாகவே தூயவர், தூய்மை அனைத்துக்கும் ஊற்று அவரே என்று அது தொடங்கும். உடனே குரு அப்பத்தின்மீதும் இரசத்தின்மீதும் கைகளை நீட்டி, தூய ஆவியாரை அனுப்பி இவற்றைப் புனிதமாக்கும் என்று வேண்டுவார். பல கோயில்களில் பீடச்சிறுவன் மணியடிப்பது அந்த நேரத்தில்தான். ஊற்று எது என்று முதலில் அறிக்கையிட்டுவிட்டு, பிறகு அந்த ஊற்றிடம் கேட்கிறோம். குரு தம்மிடம் இருக்கும் புனிதத்தை எடுத்து அப்பத்துக்குக் கொடுப்பதில்லை. நம்மைப் போலவே அவரும் அங்கே கையேந்தி நிற்பவர்தான்.

அதே மன்றாட்டில் சற்றுத் தள்ளி இன்னொரு வேண்டுதல் வருகிறது. கிறிஸ்துவின் உடலிலும் இரத்தத்திலும் பங்குபெறும் எங்களைத் தூய ஆவியார் ஒன்றாகச் சேர்க்கட்டும் என்று. முதல் வேண்டுதலுக்கு மணியடிக்கிறோம், முழங்காலிடுகிறோம். இரண்டாவதற்கு மணியும் இல்லை, கவனிப்பாரும் இல்லை. அதைப் பற்றிக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் நண்பரின் கேள்வி நல்ல கேள்வி, பழைய கேள்வியும்கூட. எருசலேமில் கோயிலைக் கட்டி முடித்த சாலமோனே அதைக் கேட்டுவிட்டார். விண்ணும் விண்ணுக்கு மேலான விண்ணும் உம்மைக் கொள்ள இயலாதபோது, நான் கட்டிய இந்தக் கோவில் எம்மாத்திரம் என்ற பொருளில் அவர் வேண்டுவதை முதலாம் அரசர்கள் நூல் எட்டாம் அதிகாரத்தில் பார்க்கலாம். அதே அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது தெரியுமா? ஆண்டவரின் மாட்சி மேகமாக வந்து இல்லத்தை நிரப்பியதால் குருக்கள் நின்று பணி செய்யவே முடியாமல் போனது. வழிபாடு நடத்த வந்தவர்களே ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று! எந்த இடத்துக்குள்ளும் அடங்காதவர், ஓர் இடத்தில் தம்மை மக்களுக்குக் கொடுக்கிறார். இவை இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும். முதலாவதை விட்டால் கடவுளைப் பெட்டிக்குள் பூட்டுகிறோம். இரண்டாவதை விட்டால் அவர் எங்கும் இருப்பவராகவும் நாம் எங்கும் சந்திக்காதவராகவும் ஆகிவிடுவார்.

மோசே ஓரேபு மலையருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அது ஆடு மேயும் தரை, முட்புதர் முளைக்கும் தரை. அங்கே நின்று கடவுள் பேசியதும், மிதியடியைக் கழற்று, நீ நிற்கும் இடம் புனித நிலம் என்ற கட்டளை வந்தது. தரை மாறவில்லை, மோசே அதற்கென்று விரதம் இருந்து தயாராகவும் இல்லை. இருந்தவர் யார் என்பதுதான் அந்த இடத்தைப் புனிதமாக்கியது. நம் ஊரில் கோயில் வாசலில் செருப்பை விடுவது ஊர்ப்பழக்கமாகவே வந்தது. இந்தியத் திருச்சபைக்கு 1969-இல் உரோமை ஒப்புதல் அளித்த பன்னிரண்டு தகவமைப்புகளிலும் காலணி கழற்றுதல் இருக்கிறது. முழங்காலிடுவதற்குப் பதில் கைகூப்பித் தாழ்ந்து வணங்குவதும், ஆரத்தியும் அதே பட்டியலில் உண்டு. இதையெல்லாம் இந்துப் பழக்கம் என்று முகம் சுளிப்பவர்கள் விடுதலைப் பயண நூலை இன்னொரு முறை படிக்கலாம்.

ஆனால் கிறிஸ்தவர்களுக்கு முதன்மையான புனித இடம் என்று கட்டடம் எதுவும் கிடையாது. யோவான் நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில், இக்கோவிலை இடித்துவிடுங்கள், மூன்று நாளில் எழுப்புவேன் என்கிறார் இயேசு. அவர் தம் உடலாகிய கோவிலைப் பற்றியே பேசினார் என்று நற்செய்தியாளர் விளக்கம் தருகிறார். கடவுளும் மனிதரும் சந்திக்கும் இடம் இனி ஓர் ஆள். ராயபுரத்தில் படகோட்டிகள் எழுப்பிய புனித ராயப்பர் கோயில் ஆனாலும் பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலம் ஆனாலும், அங்கே அந்த ஆள் தம் மக்களோடு கூடுகிறார் என்பதால்தான் அவை கோயில்கள். கோயில் நேர்ந்தளிப்பில் ஆயர் பலிபீடத்தின்மீது கிறிஸ்மா என்னும் அர்ச்சிக்கப்பட்ட எண்ணெயை ஊற்றித் தடவுவதும், பூசைக்கு வரும் குரு முதலில் குனிந்து பீடத்தை முத்தமிடுவதும் இதனால்தான். பீடம் கிறிஸ்துவைக் குறிக்கிறது.

அவர் எப்படி அங்கே இருக்கிறார்? உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டின் ஏழாம் பத்தி இதைச் சொல்கிறது. பலியை ஒப்புக்கொடுக்கும் குருவில் கிறிஸ்து இருக்கிறார். திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருளடையாளங்களில் தம் வல்லமையால் இருக்கிறார். யார் திருமுழுக்குக் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே. விவிலியம் வாசிக்கப்படும்போது பேசுபவர் அவர். கூடி மன்றாடும் மக்கள் நடுவில், இருவர் மூவர் கூடினாலும் அங்கே இருப்பேன் என்ற வாக்குப்படி இருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, நற்கருணை வடிவங்களில் இருக்கிறார். முதல் வாசகம் நடக்கும்போது வாசலில் நின்று அலைபேசி பார்த்துவிட்டு, குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு மட்டும் உள்ளே வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆண்டவர் வந்த பிறகு வந்தால் போதும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அவர் முதலிலேயே வந்து பேசிக்கொண்டிருந்தார்.

நற்கருணையில் அவர் இருக்கும் இந்தப் பிரசன்னம் ஏன் தனி? 1551 அக்டோபரில் ஆயர்கள் கூடிய திரெந்துச் சங்கம் இதை வரையறுத்தது. அப்பத்தின் உட்பொருள் முழுவதும் கிறிஸ்துவின் உடலாகவும், இரசத்தின் உட்பொருள் முழுவதும் அவருடைய இரத்தமாகவும் மாறுகின்றன. நிறம், சுவை, எடை, வடிவம் போன்ற புறத்தோற்றங்கள் மட்டும் நிலைக்கின்றன. மற்ற வகைப் பிரசன்னங்கள் பொய் என்று இதற்குப் பொருளில்லை. ஆறாம் பவுல் திருத்தந்தை 1965-இல் நற்கருணை பற்றி எழுதிய சுற்றுமடலில் அதைத் தெளிவுபடுத்தினார்: மற்றவையும் மெய்யானவையே, ஆனால் இங்கே கிறிஸ்து கடவுளும் மனிதருமாக, முழுமையாக, உட்பொருளாகவே இருக்கிறார். அப்ப வடிவம் நிலைக்கும் வரை அந்தப் பிரசன்னமும் நிலைக்கும். எனவேதான் பூசை முடிந்த பின்னும், நற்கருணை அப்பத்தை வைத்துப் பாதுகாக்கும் நற்கருணைப் பேழையில் அவர் இருக்கிறார், அதனருகே விளக்கு அணையாமல் எரிகிறது. அதற்காகப் பேழைக்குள் அவர் அடைபட்டுக் கிடப்பதாக எண்ண வேண்டாம். ஒரு பொருள் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதுபோல அவர் அங்கே இருப்பதில்லை என்று இறையியலாளர் தோமா அக்குவினார் 13-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். அப்பத்தைப் பிட்டால் கிறிஸ்து துண்டாவதில்லை; சிறு துணுக்கிலும் முழு கிறிஸ்துவே.

மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க எனக்குத் துணை வருவது பெரிய வியாழன்தான். அன்று மாலைப் பூசை முடிந்ததும் நற்கருணையை வேறோர் இடத்துக்குப் பவனியாகக் கொண்டுபோகிறார்கள். பீடத்தின் துணிகளை எடுத்துவிடுகிறார்கள். பேழை காலி, கதவு திறந்தே கிடக்கிறது, விளக்கும் இல்லை. மறுநாள் பெரிய வெள்ளியன்று அதே கட்டடம், அதே சனம், சொல்லப்போனால் ஆண்டிலேயே பெரிய கூட்டம். ஆனாலும் உலகம் முழுவதும் எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலும் அன்று திருப்பலி இல்லை. வழக்கப்படி பேழையைப் பார்த்து ஒரு முழங்காலை மடக்கப் போகிறவர் பாதியில் நின்றுவிடுவார். அன்று திருச்சிலுவைக்குத்தான் அந்த வணக்கம். நாம் வணங்குவது பெட்டியை என்றிருந்தால் இந்த மாற்றத்துக்கு அவசியமே இராது.

செவ்வாய்க்கிழமை அரண்மனைக்காரத் தெரு அந்தோணியார் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? நகரத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் எல்லா மதத்தாரும் வருகிறார்கள். மெழுகுவர்த்தி ஏற்றி, சுரூபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். 787-இல் கூடிய இரண்டாம் நீசேயாச் சங்கம் சொன்னதுபோல, உருவத்துக்குத் தரும் மரியாதை அது காட்டும் ஆளைப் போய்ச் சேருகிறது. ஆனால் புனிதருக்குச் செய்வது வணக்கம். ஆராதனை கடவுளுக்கு மட்டும். சுரூபத்திடம் வரிசையில் நின்றுவிட்டு, பேழை இருக்கும் பக்கம் திரும்பாமலே வெளியேறும் கத்தோலிக்கரைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தம். வீட்டுக்கு வந்தவர் சுவரில் தொங்கும் படத்தோடு பேசிவிட்டு, கூடத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கவனிக்காமல் போனால் எப்படி இருக்கும்?

இனி உங்கள் சாமியார். அவசரமாகப் பூசை வைப்பது சரியில்லை. அதை அவரிடம் மரியாதையோடு நேரில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அவருடைய அவசரம் கிறிஸ்துவை அப்புறப்படுத்திவிடாது. இந்தச் சிக்கலைத் திருச்சபை வட ஆப்பிரிக்காவில் மிகக் கசப்பாக அனுபவித்தது. 303-இல் தியோக்கிளேசியன் பேரரசன் தொடங்கிய துன்புறுத்தலில் சில ஆயர்கள் அஞ்சித் திருநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அப்படிப்பட்டவர்கள் நிறைவேற்றிய அருளடையாளங்கள் செல்லாது என்று, தொனாத்துஸ் என்ற ஆயரின் பக்கம் நின்றவர்கள் பிரிந்துபோனார்கள். அவர்களுக்கு ஆயர் அகுஸ்தினார் தந்த பதிலின் சாரம்: பேதுரு திருமுழுக்குக் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்து, யூதாசு கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே. யோசித்துப் பாருங்கள், இது குருக்களுக்குத் தரப்பட்ட சலுகை இல்லை. பொதுமக்களுக்குத் தரப்பட்ட பாதுகாப்பு. சாமியாரின் ஆன்மாவை எடைபோட்டுப் பார்த்துவிட்டுத்தான் பூசைக்குப் போக வேண்டும் என்றால், காசிமேட்டில் இரவெல்லாம் மீன் இறக்கிவிட்டு விடியற்காலைப் பூசைக்கு வருபவர் என்ன செய்வார்?

அப்படியானால் நாம் எப்படி இருந்தாலும் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. அவர் இருப்பது நம்மைப் பொறுத்ததில்லை. அதனால் நமக்குக் கிடைக்கும் பலன் நம்மையும் பொறுத்தது. நான் மேலே சொன்ன வத்திக்கான் ஏடே, விசுவாசிகள் உரிய மனநிலையோடு வர வேண்டும், பெற்ற அருளை வீணாக்கிவிடக் கூடாது என்று பதினோராம் பத்தியில் எச்சரிக்கிறது. உணர்ச்சி பொங்க வேண்டும் என்று அது எங்கும் கேட்கவில்லை என்பதையும் பாருங்கள். கவனம் வேறு, கண்ணீர் வேறு. பக்தி வராத ஞாயிறும் நீங்கள் எழுந்து போய் நிற்கிறீர்களே, அதற்குப் பெயரும் விசுவாசம்தான்.

இங்கேதான், பங்குபெறும் எங்களை ஒன்றாகச் சேர்க்கட்டும் என்ற அந்த இரண்டாவது வேண்டுதல் வருகிறது. கொரிந்து நகரில் நற்கருணைக் கூட்டத்தில் வசதி படைத்தவர்கள் தங்கள் உணவை முந்திக்கொண்டு உண்டார்கள். ஏழைகள் பசியோடு இருந்தார்கள். அதைக் கண்ட பவுல், நீங்கள் உண்பது ஆண்டவரின் திருவிருந்தே இல்லை என்றார். உடலை இன்னதென்று உணராமல் உண்பவர் தம்மீது தண்டனைத் தீர்ப்பை வருவித்துக்கொள்கிறார் என்றும் எழுதினார். நற்கருணையின் மெய்ப்பிரசன்னத்தைப் பற்றிப் புதிய ஏற்பாட்டில் மிகக் கடுமையாகப் பேசும் பகுதிகளில் ஒன்று இது. அங்கே குற்றமாகச் சொல்லப்படுவது முழங்காலிடத் தவறியதோ, சத்தம் போட்டதோ இல்லை. இல்லாதவரை இழிவுபடுத்தியது. நற்கருணையை வைத்துக் காட்டும் கதிர்ப்பாத்திரத்துக்கு முன் மணிக்கணக்காக ஆராதனை செய்துவிட்டு, தேர்ப் பவனியில் எந்தத் தெருவுக்குத் தேர் போகக் கூடாது என்று சாதி பார்த்து முடிவெடுக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தன. கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் எழுப்பிய ஊர்களும் உண்டு. நகரத்தில் இது இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தவருக்கு முதல் வரிசை என்பதோடு நின்றுகொள்கிறது. உங்கள் திருவிழாக்கள் எனக்கு வெறுப்பு என்று ஆமோஸ் வழியாகச் சொன்னவர் அதே கடவுள்தான். எசேக்கியேல் பத்தாம், பதினோராம் அதிகாரங்களில் ஆண்டவரின் மாட்சி எருசலேம் கோவிலை விட்டு வெளியேறிப் போகிறது. கட்டடம் அதற்குப் பிறகும் சில காலம் நின்றது, பலிகளும் நடந்தன. மண்ணில் கட்டிய எந்தக் கோவிலும் கடவுளைக் கட்டிப்போடாது. நற்கருணையில் அவர் தம் வாக்கின்படி வருவார். ஆனால் அவர் வருவது நமக்கு ஆசியா, தீர்ப்பா என்பதைத்தான் பவுல் கேட்கிறார்.

சத்தத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. லாரியை நிறுத்த நம்மால் முடியாது. குழந்தை அழுதால் தாயை முறைத்துப் பார்ப்பதை விடலாம். சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்னவர் பீடத்தில் இருக்கிறார். ஆனால் நாமே உண்டாக்கும் இரைச்சலுக்கு மன்னிப்பே கிடையாது. மறையுரைக்குப் பிறகும் நற்கருணை பெற்ற பிறகும் அமைதி காக்கும்படி பூசை ஒழுங்கே சொல்கிறது. அந்த இடைவெளிகளை எலெக்ட்ரானிக் கீபோர்டால் நிரப்பியே தீர வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? உங்கள் பங்குப் பேரவையில் பேசி, நன்மை (நற்கருணை) வாங்கிய பின் இரண்டு நிமிடம் ஒலிபெருக்கியை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் பூசைக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போகும் பழக்கம் உதவும். அன்றைய வாசகங்களை முதல் நாள் இரவே வீட்டில் படித்துவிட்டால், ஒலிபெருக்கி விழுங்கிவிடும் வரிகளும் உங்களுக்குக் கிடைக்கும்.

அம்மாவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். தொலைக்காட்சியில் பூசை பார்ப்பது பூசையில் பங்கேற்பதாகாது. அருளடையாளம் உடலோடு உடல் கூடும் இடத்தில் நடப்பது. திரை வழியாக நற்கருணையை உட்கொள்ள முடியாது. 2020-இல் கோயில்கள் மூடிக்கிடந்தபோது நாம் எல்லோரும் அதை அனுபவித்தோம். ஆனால் உங்கள் அம்மா குற்றம் எதுவும் செய்யவில்லை. நோயாலும் முதுமையாலும் வர முடியாதவர்களுக்கு ஞாயிறு பூசைக்குப் போக வேண்டிய கடமை கிடையாது. திரையில் வாசிக்கப்படும் இறைவார்த்தை அவருக்கும் இறைவார்த்தைதான். அவர் சொல்லும் செபம் திருச்சபையின் செபத்தோடு சேர்கிறது. ஆண்டவரை உள்ளத்தில் வரவேற்கும் ஞான நன்மைச் செபத்தையும் அவர் சொல்லலாம்.

அதோடு நின்றுவிடத் தேவையில்லை. கி.பி. 155 வாக்கில் உரோமையில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன், ஞாயிறு கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டுபோய்க் கொடுத்ததைப் பதிவு செய்திருக்கிறார். இன்றும் அது உண்டு. பங்கு அலுவலகத்தில் அம்மாவின் பெயரையும் முகவரியையும் எத்தனையாவது மாடி என்பதையும் எழுதிக் கொடுங்கள், அல்லது உங்கள் அன்பியத்தின் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பல பங்குகளில் மாதத்தின் முதல் வெள்ளியன்று சாமியாரோ நற்கருணைப் பணியாளரோ நோயாளிகள் வீட்டுக்கு வருவார்கள். ஒரு சிறு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபமும் (இயேசுவின் உருவம் உள்ள சிலுவை) ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு தம்ளர் தண்ணீரும் வையுங்கள். அம்மா பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்ய விரும்பினால் சாமியாரே வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் விதி, முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் பொருந்தாது. எனவே சர்க்கரை மாத்திரை, காலைச் சாப்பாடு எதையும் அம்மா தள்ளிப்போட வேண்டாம்.